உபுண்டுவைத் திரும்பப் போடத் தேவையில்லை

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தியும் எழுத்துத் திரை (கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் கறுப்புத் திரை) வராவிட்டால் உபுண்டு (விண்டோஸ் போன்ற ஒரு லினக்ஸ் இயங்குதளம்) பழுது, திரும்ப நிறுவ வேண்டும் என்று அண்ணா ஒருவர் எழுதியது தவறு. கிளிநொச்சித் தம்பி அதை நம்பி, போன் டேட்டாவில் 5 ஜிபிக்கு மேல் இறக்கப் போகிறார். தம்பி, தயவுசெய்து பொறுங்கள்.

பல லப்டொப்களில் மேல்வரிசை விசைகள் முதலில் சத்தம், வெளிச்சம் மாற்றத்தான் வேலை செய்யும். எஃப்3 அழுத்தியதும் சத்தமோ வெளிச்சமோ மாறினால் காரணம் அதுதான். எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். பயாஸில் (லப்டொப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) இதை நிரந்தரமாகவும் மாற்றலாம். சில மாடல்களில் எஃப்என்னோடு எஸ்கேப் போதும்.

சந்தேகமென்றால் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) 'sudo chvt 3' (சுடோ சிஎச்விடி 3) என்று அடியுங்கள். லாகின் கேட்டால் லினக்ஸில் பழுதில்லை, விசையில்தான் சிக்கல். கடவுச்சொல் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, அதற்குப் பயப்படாதீர்கள். வழக்கமான திரைக்குத் திரும்பி வர, இப்போதைய உபுண்டுவில் பெரும்பாலும் கண்ட்ரோல், ஆல்ட்டோடு எஃப்2. எஃப்1 லாகின் திரை. எழுத்துத் திரைக்குள் இருக்கும்போது ஆல்ட்டோடு இடது, வலது அம்புக்குறியும் வேலை செய்யும்.