பெட்டிக்கு முன்னால் ஒரு வாட், பின்னால் ஒரு வாட்

ஹாலுக்கு ஒரு 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கர், அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) வாங்க மூன்று வாரமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். எரிச்சல்தான் மிச்சம். பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் பி.எம்.பி.ஓ. 10,000 வாட். திருப்பிப் பார்த்தால் மூலையில் பொடி எழுத்தில் ஆர்.எம்.எஸ். 80 வாட். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அந்த 80தான். முன்னால் இருப்பது வெறும் விளம்பர எண். இதை ஏன் ஒளிக்க வேண்டும்?

கடையில் போட்டுக் காட்டுவதும் குண்டு வெடிக்கிற காட்சிதான். சப்வூஃபர் அதிர்ந்தால் போதுமா? வசனம் பெரும்பாலும் வருவது நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில். "அண்ணே, ரெண்டு பேர் பேசுற சீன் ஒண்ணு போடுங்க" என்றேன். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கு வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றுதான் இந்தச் செலவே.

அப்புறம் வயர். பின்னால் வைக்கும் ஸ்பீக்கர்களுக்குக் கொடுப்பது சோபா வரைக்கும்கூட எட்டாது. எங்கள் 14 அடி ஹாலில் சுவரோரமாக ஓட்டி, கதவு நிலையைச் சுற்றிக் கொண்டுபோக 30 அடியாவது வேண்டும். "அதைத் தனியா வாங்கிக்கணும் சார்" என்கிறார்கள். வயர் எத்தனை அடி என்று பெட்டியிலேயே போட்டால் என்ன?