ஷாக்கோ தொப்பி ஹெல்மெட் ஆகாது

மார்ச்சிங் பேண்ட் (அணிவகுப்பு இசைக்குழு) வாசிப்பவர்களிடம், 'தலையில் ஷாக்கோ இருக்கிறதே, எதிரணி ரசிகர் கூட்டத்துக்குள் வாசித்தபடியே போகலாம்' என்று சிலர் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. ஷாக்கோ அலங்காரத் தொப்பி, அடி தாங்காது. தவிர, இங்கே முதலில் காக்க வேண்டியது வாயை. டிரம்பெட்டின் முன்பக்கத்தை யாராவது தட்டினால், உதட்டில் பதிந்திருக்கும் மவுத்பீஸ் நேரே பல்லில் இடிக்கும். உதடு கிழியும், பல்லே உடையலாம். அதனால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து மைதானங்களில் கூட்டத்தைக் கடக்கும்போது வாசிப்பை நிறுத்தி, மவுத்பீஸைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். சூசாஃபோன் என்பது உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுகருவி; சுமார் 15 கிலோ பித்தளை சூசாஃபோனைச் சுமப்பவரால் சட்டென விலக முடியாது. அவரை வரிசையின் நடுவில் விடுங்கள், ஓரங்களில் பொறுப்பாளர்கள் நடக்கட்டும். சூசாஃபோனின் அகன்ற வாய்க்கு உறை போட்டால் கப், பாட்டில் உள்ளே விழாது. வசைக்குப் பதில் பேசாதீர்கள். டிரம் குச்சியை ஓங்கவே கூடாது.

ஆட்டம் முடிந்தது உறுதியாகும்வரை களத்தில் கால் வைக்காதீர்கள். 1982-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியுடனான ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு பேண்ட் அவசரப்பட்டு இறங்கியதில், பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் (புள்ளி) எடுத்த கலிஃபோர்னியா வீரர் டிரோம்போன்காரர் மேலேயே மோதினார்.