மன்னிச்சாச்சு, கேஸை மட்டும் வாபஸ் வாங்கவில்லை

மன்னிக்கச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் அடிபட்டவர் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அடித்தவன் வீட்டுப் படியேறி, "போய் மன்னிப்புக் கேளுடா" என்று சொன்ன ஒரு பெரிய மனுஷரை எங்கள் சொந்தத்தில் நான் பார்த்ததில்லை.

அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா தன் உழைப்பில் நிலம் வாங்கினார். உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். "பட்டா மாத்தணும்க்கா, ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்று மாமா அம்மாவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனார். கூடப் பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தை எந்த அக்கா எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பாள்? அது விடுதலைப் பத்திரம். தன் பங்கு முழுவதையும் தம்பிக்கே விட்டுக் கொடுத்ததாக அம்மா எழுதிக் கொடுத்த கணக்கு. பின்னால் வேறொரு வேலையாக வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே இதைச் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-ல் கொண்டுவந்தார்கள், அன்றைக்குக் கல்யாணமாகாமல் இருந்தவர்களுக்கு. 2005-ல் நாடு முழுக்க வந்தது. இத்தனைக்கும் பிறகு இன்றைக்கும் பங்கு கேட்காத பெண்ணுக்குத்தான் ஊரில் நல்ல பெயர்.

அம்மா வக்கீலைப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்ததும் வரிசையாக ஆள் வந்தார்கள். "தம்பியைக் கோர்ட்டுக்கு இழுக்குறவ உண்டா?" என்றார்கள். "கொஞ்ச நாள் பொறு, அவனே மனசு மாறுவான்" என்றார்கள். ஒரு பெரியம்மா, "நாளைக்கு நீ கண்ணை மூடினா பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுவா?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிற ஒருத்தியிடம், அவள் பங்கைப் பறித்தவன் கையால் வரப்போகிற கோடித் துணியைச் சொல்லி மன்னிக்கச் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"கொஞ்ச நாள் பொறு" என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட ஒரு பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட, ஏமாற்றியது தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு. மன்னிக்க ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது, வழக்குப் போட அப்படி இல்லை. பொறுத்துப் பொறுத்துக் கெடு தாண்டிப் போன பெண்கள் எத்தனையோ பேர்.

வழக்குப் போடும்வரை அம்மா தூங்கவில்லை. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, அன்றைக்கு மாமா கட்டியிருந்த வேட்டி, ஆபீஸ் வாசலில் வாங்கிக் கொடுத்த டீ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டானது. "மறந்துடுங்க" என்று சொன்னவர்கள் யாருக்கும் இந்த ராத்திரிகள் தெரியாது.

பிறகு ஒரு நாள் சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்து குடைந்து கேட்டார். அம்மா நடந்தது நடந்தபடி சொன்னார். அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அதுவரை வீட்டுக்குள் புலம்பலாக இருந்தது அன்றைக்குப் பதிவானது. அன்று ராத்திரி அம்மா நன்றாகத் தூங்கினார். அதற்குப் பிறகு அந்த டீயைப் பற்றி அவர் பேசி நான் கேட்கவில்லை. நாங்கள் மாமாவைத் திட்டினாலும் "விடுங்கடி" என்று அடக்கிவிடுவார். வழக்கு உறவைக் கெடுக்கும் என்கிறார்கள். என் அம்மாவுக்குக் கோபம் இறங்கியதே வழக்கால்தான்.

மாமாவுக்கு பைபாஸ் ஆனபோது அம்மா ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இருவரும் நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. உடனே சொந்தக்காரர்கள், "அதான் சேர்ந்தாச்சே, கேஸை வாபஸ் வாங்கிடு" என்று ஆரம்பித்தார்கள். அம்மா சொன்னார்: "கோவம் போயிருச்சுதான். அதுக்காக எங்கப்பா சொத்துல எனக்குப் பங்கு இல்லன்னு ஆயிருமா?" அடுத்த வாய்தாவுக்கும் தவறாமல் போனார்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர், ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாமையும் 10 வயது, 6 வயது மகன்கள் இருவரையும் உயிரோடு கொளுத்தினார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார். மகளோடு ஒடிசாவில் தாங்கள் வசித்த பாரிபதாவிலேயே தங்கி, கணவர் பார்த்துவந்த தொழுநோயாளிகளை 2004 வரை கவனித்தார். அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளிக்கு விதித்த ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. மன்னிப்பு அவர் மனது சம்பந்தப்பட்டது, தண்டனை சட்டத்தின் வேலை. அவ்வளவு பெரிய இழப்பில் ஒருவரால் இரண்டையும் தனித்தனியாக வைக்க முடிந்தது. பத்திரத் தகராறில் நம்மால் ஏன் முடியாது?

அடிக்கிற புருஷனை மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ என்று மகளை பஸ் ஏற்றிவிடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அவள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். எதுவானாலும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

பங்கு விஷயத்தில் "பொறுத்துக்கோ" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கைகளுக்கு ஒரு தகவல். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் எடுத்துக்கொண்டு போங்கள். விஷயம் தெரியவந்த தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.