டொக்-சன்னை யாராவது கேட்டார்களா?

'ரிப்ளை 1988' என்ற கொரியத் தொடர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் நண்பர்களோடு அதைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டையில்தான் போய் முடிகிறது. கதாநாயகி டொக்-சன்னுக்குப் பொருத்தம் யார், ஒரே தெருவில் அவளோடு வளர்ந்த நண்பர்களில் ஜங்-ஹ்வானா, டேக்கா? கடைசி எபிசோட் வந்தது 2016 ஜனவரியில், ஆனால் டொக்-சன்னின் கணவன் யாராக இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம். நான் முதலிலிருந்தே ஜங்-ஹ்வான் கட்சி. பஸ்ஸில் கூட்டம் நெருக்கும்போது டொக்-சன் மேல் யாரும் இடிக்காமல் இரண்டு கையாலும் அணை கட்டியதுபோல் நிற்பானே, கையில் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும், அந்த ஒரு காட்சிக்காகவே அவனுக்குத்தான் அவள் கிடைத்திருக்க வேண்டும் என்று எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

போன மாதம் இருபது எபிசோடையும் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை பையன்களை விட்டுவிட்டு டொக்-சன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பார்க்கப் பார்க்க எனக்கு அந்தச் சண்டையே வெறுத்துப்போய்விட்டது.

முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். அக்கா போ-ராவுக்கும் தம்பிக்கும் பொரித்த முட்டை, கோழிக்காலும் அவர்களுக்குத்தான். பிறந்தநாள்கூட அக்காவோடு சேர்த்து ஒரே கேக்கில் முடிந்துவிடும். அக்கா ஊதி அணைத்த கேக்கிலிருந்து சில மெழுகுவர்த்திகளைப் பிடுங்கிவிட்டு இவளுக்காக மறுபடி கொளுத்துகிறார்கள். அப்போது அவள் வெடித்து அழுகிற அழுகை முட்டைக்காகவா, கேக்குக்காகவா? பிறந்ததிலிருந்து அவளிடம் 'உனக்கு என்னம்மா வேணும்' என்று யாருமே கேட்டதில்லை. அதே எபிசோடில் இன்னொன்றும் நடக்கிறது. சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கரின் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்க மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறாள், கடைசியில் மடகாஸ்கர் ஒலிம்பிக்குக்கே வரவில்லை. கடைசி நேரத்தில் உகாண்டா பலகை கிடைத்தது வேறு விஷயம், ஆனால் ஆசைப்பட்டது முதலில் கைவிட்டுத்தான் போனது. அப்புறம் ஒரு ராத்திரி அப்பா தனியாக ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்து, தானும் இப்போதுதான் முதல் தடவையாக அப்பாவாக இருக்கிறேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிறார். கொரியத் தொடர்களில் நான் பார்த்த அப்பாக்களில் எனக்கு இவர்தான் முதல்.

இப்படி வளர்ந்த பெண் காதலில் எப்படி இருப்பாள்? அதே தெருவில் வளர்ந்த இன்னொரு நண்பன் சன்-வூ. அவனுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு என்று தோழிகள் சொன்னதும் அவளுக்கும் சன்-வூவைப் பிடித்துப்போகிறது. அவன் மனதில் இருப்பது போ-ரா என்று தெரிந்து நொறுங்கிப்போகிறாள். அப்புறம் ஜங்-ஹ்வானுக்கு உன்மேல் ஆசை என்கிறார்கள், உடனே அவள் கண் ஜங்-ஹ்வான் பக்கம் திரும்புகிறது. முதல் முறை பார்த்தபோது இவளுக்கு நிலையான மனசே இல்லை என்று எரிச்சல்பட்டேன். தப்பு என்னுடையது. யாராவது தன்னை விரும்பமாட்டார்களா என்று காத்திருந்தே பழகிய பெண் அவள்.

சரி, அந்த இரண்டு பையன்களும் என்ன செய்தார்கள்? தனக்கு டொக்-சன்னைப் பிடிக்கும் என்று டேக் நண்பர்கள் முன்னால் சொல்கிறான், ஜங்-ஹ்வான் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறான். அப்புறம் ஜங்-ஹ்வானின் பர்ஸில் டொக்-சன்னோடு எடுத்த போட்டோவை டேக் பார்க்கிறான், அவளோடு சினிமா போவதாக இருந்ததை ரத்து செய்துவிட்டு அவனும் ஒதுங்குகிறான். அதாவது நண்பனுக்காக நண்பன் மாற்றி மாற்றி விட்டுக்கொடுக்கிறான். என்ன நட்பு, என்ன தியாகம் என்று நாமும் கண் கலங்கினோமே! விட்டுக்கொடுக்க அவள் என்ன இவர்கள் வீட்டுச் சொத்தா? சினிமாவுக்குக் கிளம்ப இருந்தவளுக்கு ஏன் வரவில்லை என்ற உண்மையான காரணம்கூடச் சொல்லப்படவில்லை. கோழிக்கால் விஷயத்தில் வீட்டில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது.

உன்னை யாருக்குப் பிடிச்சிருக்கு என்று பார்ப்பதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும் என்று யோசி என்று அவளிடம் சொல்கிற ஒரே ஆள், அந்த நண்பர் கூட்டத்தில் இன்னொருவனான டோங்-ரியோங். படிப்பு வராது, எப்போது பார்த்தாலும் ஆட்டமும் பாட்டும், ஆனால் அந்தத் தெருவிலேயே டொக்-சன்னை ஒரு ஆளாக மதித்துப் பேசியவன் அவன்தான். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன். அவளுக்குப் பதில் வரவில்லை, அவனை அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

சன்-வூ, போ-ரா ஜோடி எனக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும் என்பதும் இப்போதுதான் புரிந்தது. அவன் நேராகப் போய்க் கேட்டான், அவள் தன் வாயால் பதில் சொன்னாள், பிரிந்ததும் சேர்ந்ததும் அவர்களுக்குள்ளேயே எடுத்த முடிவு, வேறு யாரும் அவர்களுக்காக எடுத்தது இல்லை. ஒரே வம்சப் பெயர் உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற அந்தக் காலத்துச் சட்டத்தையே (1997-ல்தான் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது) எதிர்த்து நின்றார்களே, ஒருவர் மனசு இன்னொருவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்ததால்தான் நிற்க முடிந்தது.

ஜங்-ஹ்வான் மேல் எனக்கு இன்னமும் பாசம் இருக்கிறது. 18-வது எபிசோடில் டொக்-சன் தனியாகக் கச்சேரிக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்து காரை ஓட்டிக்கொண்டு பறந்து வருகிறான், சிவப்பு விளக்கில் மாட்டிக்கொள்கிறான், வந்து பார்த்தால் கச்சேரி வாசலில் டேக் நிற்கிறான், 'கோ' பலகை ஆட்டக்காரனான அவன் முக்கியமான போட்டியையே விட்டுவிட்டு வந்தவன். விளக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நான் தயங்கித் தயங்கி நின்றதுதான் காரணம் என்று ஜங்-ஹ்வானே உணர்கிறான். அதற்குப் பிறகாவது நேராகச் சொல்லியிருக்கலாம். நண்பர்களும் கூட இருக்கும்போது தன் விமானப்படைக் கல்லூரி மோதிரத்தை அவள் முன்னால் வைத்து, பள்ளிக்கூட நாளிலிருந்து மனதில் இருந்த அத்தனையையும் கொட்டிவிட்டு, கடைசியில் அதை விளையாட்டுபோல ஆக்கிவிடுகிறான். டொக்-சன் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, ஏனென்றால் பதில் சொல்ல அவன் இடமே விடவில்லை.

ஜங்-ஹ்வான் கட்சிக்காரர்கள் யாராவது மறுபடி பார்ப்பதாக இருந்தால் அந்த இடத்தில் அவனைப் பார்க்காதீர்கள், அவளைப் பாருங்கள். அவள் சிரிக்கவே இல்லை. எல்லோரும் எழுந்து போன பிறகும் மோதிரம் அந்த மேசைமேலேயே கிடக்கிறது.