காற்றில் வருவதற்கு ஏன் மாதக் கட்டணம்?

கேபிளை எடுத்துவிட்டு ஆண்டெனா வைத்திருக்கிறோம் என்று சொன்னால், காசை மிச்சம் பிடிக்கத்தான் செய்திருக்கிறோம் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். காசு மிச்சமாவது உண்மைதான், ஆனால் இந்தப் பதிவை அதற்காக எழுதவில்லை. டவரிலிருந்து வீட்டு ஆண்டெனாவுக்கு வரும் தரைவழி டிவி ஒளிபரப்பு பயன்படுத்தும் அலைக்கற்றை பொதுச் சொத்து. பொதுநலனுக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலையங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிலையங்கள் எல்லாருக்கும் பொதுவாக டவரிலிருந்து அனுப்பும் அதே நிகழ்ச்சியை ஒரு கம்பி வழியாக வாங்கிக்கொண்டு, அதற்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இது தப்பு என்பது என் உறுதியான கருத்து. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. ஆண்டெனாவில் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த அலைக்கற்றையை வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள். ஏற்கெனவே நிறைய விற்றாகிவிட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. சுவிட்சர்லாந்தில் 2019 ஜூனில் பொது ஒளிபரப்பு நிறுவனமே தரைவழி டிவியை நிறுத்திவிட்டது. இந்தியாவில் தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டவர்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் நான் சொல்வது முழுதாக உதவும். அங்கே முக்கியமான சேனல்கள் இன்றைக்கும் கேபிள் சந்தா இல்லாமல் காற்றில் வருகின்றன.

அமெரிக்காவில் 1992-ல் வந்த ஒரு சட்டத்தால், உள்ளூர் நிலையங்கள் தங்கள் சேனலைக் கொடுப்பதற்குக் கேபிள் நிறுவனங்களிடம் பணம் கேட்கலாம் என்றானது. நிறுவனம் அதை வாடிக்கையாளர் பில்லில் ஏற்றிவிடுகிறது, பல பில்களில் தனி வரியாகவே இருக்கும். பேரம் படியவில்லை என்றால் அந்தச் சேனல் திடீரென்று கேபிளிலிருந்து காணாமல் போகும். பெரும்பாலும் முக்கியமான ஆட்டம் வரும் வாரத்தில்தான் இந்த இழுபறி உச்சத்துக்குப் போகும். இவ்வளவு சண்டை நடக்கும்போதும் அதே சேனல் டவரிலிருந்து வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கும். ஆண்டெனா வைத்தவர்களுக்குச் சண்டை நடந்ததே தெரியாது.

படத்தின் தரம் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. ஆண்டெனா என்றதும் புள்ளி விழுந்த படமும், ஒருவருக்குப் பக்கத்தில் அவருடைய நிழல்போல இன்னொருவர் தெரிவதும்தான் நினைவுக்கு வருகிறது. அது அனலாக் காலம். அமெரிக்கா 2009-லும் ஜப்பான் பெரும்பகுதியில் 2011-லும் பிரிட்டன் 2012-லும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. டிஜிட்டலில் சிக்னல் போதுமான அளவுக்கு மேல் இருந்தால் படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். நடுவில் 'சுமாராகத் தெரிகிறது' என்ற நிலை கிட்டத்தட்ட கிடையாது. அமெரிக்க முறையில் ஒரு 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு ஏறத்தாழ 19.4 மெகாபிட் தகவல் போகும். அதே சேனலைக் கேபிளிலும் சாட்டிலைட்டிலும் தருகிறவர்கள் இடத்தை மிச்சப்படுத்த இன்னும் நெருக்கிச் சுருக்குவது உண்டு. வேகமாக ஓடும் விளையாட்டுக் காட்சிகளில், புல்தரையின் அசைவில், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரே அலைவரிசையில் நாலைந்து துணைச் சேனல்களை அடைத்துவைக்கும் நிலையங்களும் இருக்கின்றன, அவற்றில் இந்தத் தரத்தை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று நேரலை. இணையத்தில் வரும் நேரலை பல விநாடிகள் பின்தங்கித்தான் வரும். ஆண்டெனாவில் அந்தத் தாமதம் மிகக் குறைவு. லட்சம் வீடு பார்த்தாலும் கோடி வீடு பார்த்தாலும் டவருக்கு ஒரே வேலைதான். கூட்டம் அதிகம் என்பதற்காகச் சிக்னல் திணறாது. புயல் நேரத்தில் இணையம் அறுந்து போனால்கூட, டவரும் டிவியும் மின்சாரத்தோடு இருக்கும்வரை செய்தி வரும். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று டவருக்குத் தெரியவும் தெரியாது. டிவியை இணையத்தில் இணைத்துவைத்தால் டிவியே வேவு பார்க்கலாம் என்பது வேறு பிரச்சினை.

இனி ஆண்டெனா. பலர் இதை முயன்றுவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்று திரும்பக் கேபிளுக்குப் போவதைப் பார்க்கிறேன். அநேகமாக எல்லாருமே வாங்கியது காகிதம்போல மெலிதாக இருக்கும், சுவரில் ஒட்டும் ஆண்டெனா. பெட்டியில் பெரிய எழுத்தில் நம்பமுடியாத தூரக் கணக்கு போட்டிருக்கும். தயவுசெய்து அந்த எண்ணை நம்பாதீர்கள். டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். 300 மீட்டர் உயர டவர், தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா என்று வைத்துக் கணக்குப் போட்டால், பூமியின் வளைவு மறைக்காமல் கிடைக்கும் தூரம் சுமார் 84 கிலோமீட்டர்தான். அதற்கு அப்பாலும் சில நேரம் கிடைக்கும், ஆனால் தினமும் நம்பி உட்கார முடியாது. 'டிஜிட்டல் ஆண்டெனா', 'எச்டி ஆண்டெனா' என்று தனியாக ஒரு வகையே கிடையாது. அலையைப் பிடிக்கும் உலோகத்துக்கு அதில் வருவது அனலாக்கா டிஜிட்டலா என்று தெரியாது. 1926-ல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உடாவும் யாகியும் உருவாக்கிய அந்த மீன்முள் வடிவ ஆண்டெனா இன்றைக்கும் அருமையாக வேலை செய்கிறது.

ஆண்டெனாவின் அளவும் முக்கியம், அது பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் பாதியை ஒட்டி இருந்தால் நல்லது. யு.எச்.எஃப். என்ற உயர் அதிர்வெண் பட்டையில் 600 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் 25 சென்டிமீட்டர், அது சின்ன ஆண்டெனாவுக்குள் அடங்கிவிடும். அதைவிடக் குறைந்த அதிர்வெண் கொண்ட வி.எச்.எஃப். பட்டையில் அமெரிக்காவின் 7-ஆம் சேனலுக்கு அதுவே சுமார் 85 சென்டிமீட்டர். 2-ஆம் சேனலுக்கு இரண்டரை மீட்டரைத் தாண்டும். ஆகவே வாங்கும் முன், பக்கத்து டவர்கள் எந்தப் பட்டையில் அனுப்புகின்றன, எந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். திரையில் தெரியும் சேனல் எண்ணும் உண்மையான அலைவரிசை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் உயரமும் இடமும்தான். வீட்டுக்குள்ளே வைத்தால் சுவர் தின்றுவிடும். உலோகப் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடியும், கம்பி வலை வைத்துப் பூசிய சுவரும், ஃபாயில் ஒட்டிய வெப்பக் காப்பும் இன்னும் மோசம். கூரைக்கு மேல் வைக்க முடிந்தால் அதற்கு இணை எதுவும் இல்லை. அப்படி வைப்பவர்கள் கம்பத்தையும் கேபிளையும் முறைப்படி எர்த் செய்யுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். மின்கம்பிக்குப் பக்கத்தில் ஏறவே ஏறாதீர்கள். கூரை கிடைக்காவிட்டால் பரண், அதுவும் இல்லையென்றால் டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னல். குடியிருப்புச் சங்கம் ஆண்டெனா கூடாது என்கிறது என்று பயப்படுபவர்களுக்கு: அமெரிக்காவில் 1996 முதல், உங்கள் தனிப் பயன்பாட்டில் உள்ள இடத்தில் டிவி ஆண்டெனா வைப்பதைச் சங்கமோ வீட்டு உரிமையாளரோ தடுக்கக் கூடாது என்று எஃப்சிசி (ஒளிபரப்பையும் தொலைத்தொடர்பையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு ஆணையம்) விதி இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான மொட்டைமாடிக்கு அந்த விதி செல்லாது.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாத சிக்னலைப் பூஸ்டரால் உண்டாக்க முடியாது. நீளமான கேபிளிலும், சிக்னலைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரிலும் போகும் இழப்பை ஈடுகட்ட மட்டுமே அது. இரண்டு டிவிக்குப் பிரித்தாலே பாதிச் சக்தி போய்விடும் என்பதால் அங்கே அது உதவும். டவர் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் பூஸ்டரே டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் ட்யூனரைத் திணறடித்து, வரும் சேனலையும் கெடுத்துவிடும். ஒரு சேனல் திடீரென்று காணவில்லை என்றால் ஆண்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் டிவியில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். நிலையங்கள் அலைவரிசை மாறுவது உண்டு.

ஆண்டெனாவுக்கு மாறினால் இழப்பும் இருக்கிறது. கேபிளில் மட்டும் இருக்கும் விளையாட்டுச் சேனல்களும் படச் சேனல்களும் போய்விடும். அவை இல்லாமல் முடியாது என்பவர்கள் அதற்கு மட்டும் தனியாகச் சந்தா கட்டலாம். மலைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு எவ்வளவு நல்ல ஆண்டெனா வாங்கினாலும் பயனில்லாமல் போகலாம்.

இப்போது முதலில் சொன்ன கவலைக்கு வருகிறேன். 2017-ல் அமெரிக்கா டிவிக்கு இருந்த 38 முதல் 51 வரையிலான அலைவரிசைகளை ஏலம் விட்டு செல்போன் சேவைக்குக் கொடுத்தது. ஏலத்தொகை 1,980 கோடி டாலர். செல்போனுக்கும் அலைக்கற்றை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வெட்டுப்படுவது இலவசமாகக் கிடைக்கும் சேவைதான். பிரிட்டனில் தரைவழி டிவிக்கு 2034 வரைதான் உறுதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எல்லாம் இணையம் வழியே என்று முடிவானால், நல்ல இணையத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாத முதியவர்களும் ஏழைகளும் என்ன செய்வார்கள்?

அமெரிக்காவில் இதைவிட நேரடியான ஆபத்து வந்திருக்கிறது. ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய டிவி ஒளிபரப்பு முறை 2017-ல் அனுமதி பெற்றது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல முறை, கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளைப் பழைய முறையைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆனால் பல நிலையங்கள் அந்தச் சிக்னலுக்குப் பூட்டுப் போடத் தொடங்கிவிட்டன. அனுமதிச் சான்று இல்லாத கருவியில் படம் திறக்காது. பொது அலைக்கற்றையில் வரும் இலவச ஒளிபரப்புக்குப் பூட்டுப் போட எந்த நிலையத்துக்கும் உரிமை இருக்கக் கூடாது. அங்கே இருப்பவர்கள் இதை எஃப்சிசிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பொதுமக்கள் கருத்தை வாங்க அங்கே வழி இருக்கிறது.

புது டிவி வாங்கப் போகிறவர்கள், உள்ளே ட்யூனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். டிவி போலவே இருக்கும் ட்யூனர் இல்லாத திரைகளும் விற்பனைக்கு வருகின்றன. பழைய கூரை ஆண்டெனா இன்னும் கழற்றாமல் இருந்தால் அதையே முதலில் இணைத்துப் பாருங்கள். என்ன வந்தது, என்ன வரவில்லை என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.