அரத்தை எடுக்கும் முன் காசைப் படியுங்கள்

பழைய காசில் மோதிரம் செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே இரண்டு குரல் எழும். "ஐயோ, வரலாற்றை அழிக்கிறீர்களே" என்பது ஒன்று. "சும்மா கிடக்கிற உலோகம்தானே, அறுத்தால் என்ன" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டோடும் ஒத்துவராது. கோடிக்கணக்கில் அச்சடித்து, கை பட்டுப் பட்டு முகம் தேய்ந்துபோன காசை அறுப்பதால் வரலாறு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கையில் இருப்பது எந்த ஆண்டுக் காசு, என்ன உலோகம் என்று பார்க்காமல் அரத்தை எடுப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

அமெரிக்க ஒரு சென்ட் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 1982க்கு முன் அது 95 சதவீதம் செம்பு. அதற்குப் பிறகு வந்தது 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மெல்லிய செம்புத் தோல் மட்டும். 1982ஆம் ஆண்டிலேயே இரண்டு வகையும் வந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தராசில் வைத்தால் பழையது 3.11 கிராம், புதியது 2.5 கிராம். தராசு இல்லையென்றாலும் பரவாயில்லை, மேசையில் போட்டுப் பாருங்கள். செம்புக் காசு கணீரென்று ஒலிக்கும், துத்தநாகக் காசு மொத்தென்று விழும். இதைப் பார்க்காமல் கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டினால் என்ன ஆகும்? செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், துத்தநாகத்துக்கு 419 போதும். தோல் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது உருகி ஒழுகிவிடும். இன்னும் சூடேற்றினால் வெள்ளைப் புகை கிளம்பும். அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, பழைய பைப்பை வெல்டிங் செய்கிறவர்களுக்கு இந்தக் காய்ச்சல் நன்றாகத் தெரியும்.

பிரிட்டனின் ஒரு பென்னிக்கு இவ்வளவு சோதனைகூட வேண்டாம், காந்தம் போதும். 1992இல் அதை வெண்கலத்திலிருந்து செம்பு முலாம் பூசிய எஃகுக்கு மாற்றிவிட்டார்கள். காந்தத்தில் ஒட்டினால் புதியது.

சரியான உலோகம் கிடைத்துவிட்டால் வேலை அவ்வளவு சுகமாக இருக்கும். செம்புக் காசை வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். வெளிச்சத்தில் செய்தால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது, சூடு மிஞ்சிவிடும். மங்கிய சிவப்பு வந்ததும் தண்ணீரில் போடுங்கள். எஃகை இப்படிச் செய்தால் கண்ணாடி மாதிரி கடினமாகி உடையும், செம்போ இளகிவிடும். நடுவில் துளை போட்டு, கூம்புக் கம்பியில் ஏற்றி, மரச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினால் அழகாக மடங்கிக் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும், தட்டுக்குத் தட்டு கை அதிரும். உலோகம் இறுகிவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி மறுபடி சூடேற்ற வேண்டும். வற்புறுத்தினால் விளிம்பில் விரிசல்தான்.

மோதிரம் மட்டும்தான் என்றில்லை. மெல்லிய தகட்டில் ஓட்டை அடைக்க வெல்டிங் செய்யும்போது, பின்னால் செம்பை அண்டக் கொடுத்தால் உருகிய இரும்பு வழிந்து ஓடாது, செம்பில் ஒட்டவும் ஒட்டாது. சூட்டைச் செம்பு இழுத்துக்கொள்ளும். தட்டையாக்கிய பழைய செம்புப் பைப் இதற்கு அருமை. சின்ன ஓட்டைக்குப் பழைய செம்புக் காசே போதும். காசுக்கு இப்படி ஒரு வேலை கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

மரத்துக்கும் இதே பேச்சுதான். சரக்கு அடுக்கும் பேலட் என்ற மரத்தட்டின் பலகையைப் பிரித்து அலமாரி செய்கிறவர்கள் முதலில் அதன் முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். எச்டி இருந்தாலும் மேலே என்ன சிந்தியிருக்கிறது என்று முத்திரை சொல்லாது, கறையும் நாற்றமும் உள்ள பலகையை ஒதுக்கிவிடுங்கள். பழைய கதவு, ஜன்னலின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். அப்புறம், இழைப்புளி வைக்கும் முன் உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணியைக் காந்தத்தால் தேடிவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் 2011 நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பிரிட்டனில் உரிமம் இல்லாமல் உருக்கவோ உடைக்கவோ கூடாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அமெரிக்காவில் சென்டையும் ஐந்து சென்ட் காசையும் உலோகத்துக்காக உருக்க 2006 டிசம்பர் முதல் தடை, நகையாகவோ அலங்காரப் பொருளாகவோ செய்ய விலக்கு இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். காசு ரொம்பப் பழையது என்று தோன்றினால் புளி, எலுமிச்சை, அமிலம் எதுவும் போட்டுத் தேய்க்காமல், விவரம் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பவரிடம் மதிப்பு இறங்கிவிடும், இறங்கியது திரும்ப ஏறாது.

மேசைப் பலகையில் காசுகளைப் பரப்பி மேலே ரெசின் என்ற, ஊற்றினால் இறுகும் பிசினை ஊற்றுவதை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. ஊற்றிய பிறகு அந்தக் காசை யாராலும் முழுசாக மீட்க முடியாது. நாம் எடுத்து ஆண்டதை நாளைக்கு இன்னொருவர் எடுத்து ஆள வழி இருக்க வேண்டாமா? பலகையில் காசின் அளவுக்குச் சரியாகப் பள்ளம் குடைந்து, இறுக்கமாக அழுத்திப் பதித்தாலே நிற்கும். பள்ளத்தின் அடியில் சின்னதாக ஒரு துளை போட்டுவிட்டால், வேண்டும்போது கீழிருந்து ஒரு கம்பியால் தள்ளி எடுத்துவிடலாம்.