ராத்திரிச் சூட்டுக்கு முட்டை ஓடு என்னங்க பண்ணும்?

மார்ச் முடிஞ்சா போதும், சென்னையில மொட்டை மாடிக்கு மாடி இதே புலம்பல்தான். "தக்காளிச் செடி நெஞ்சு உயரத்துக்கு வந்துடுச்சு, பூ கொத்துக் கொத்தா வைக்குது, ஆனா ஒரு பிஞ்சு கூட நிக்க மாட்டேங்குது, என்ன குடுக்கலாம்?" கேட்டு முடிக்குறதுக்குள்ள வைத்தியர்கள் வரிசை கட்டிடுவாங்க. முட்டை ஓட்டைப் பொடி பண்ணித் தூவுங்க. வாழைப்பழத் தோலை ஊற வெச்சு ஊத்துங்க. எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் போடுங்க. தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்க வெச்ச தேமோர் கரைசல் அடிங்க, மீனும் வெல்லமும் புளிக்க வெச்ச மீன் அமிலம் அடிங்க, ரெண்டும் கேக்கலேன்னா பஞ்சகவ்யா அடிங்க. உங்க மாடியில ராத்திரி எத்தனை டிகிரி இருக்குன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

ஒண்ணும் குடுக்காதீங்க. அந்தச் செடிக்குப் பசியே இல்ல.

தக்காளிப் பூவுல ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள்ளயே இருக்கு. நடுவுல மஞ்சளா கூம்பு மாதிரி தெரியுது பாருங்க, அதுக்குள்ள மகரந்தம் இருக்கு. பூ அதிர்ந்தா உள்ளுக்குள்ளயே கொட்டி, பெண் பாகத்தோட நுனியான சூலகமுடியில ஒட்டும், பிஞ்சு பிடிக்கும். இந்த வேலை ஒழுங்கா நடக்கணும்னா பகல்ல 21லேருந்து 29 டிகிரி, ராத்திரி 15லேருந்து 20 டிகிரி வேணும். கொஞ்சம் கூடினாலும் தாங்கும். பகல் 35ஐத் தாண்டி, ராத்திரியும் 24க்குக் கீழ இறங்கலேன்னா மகரந்தம் செத்துடும். மே மாசச் சென்னையில பகல் 37, 38. ராத்திரி 27, 28க்குக் கீழ இறங்குறதே அபூர்வம். இதுல முட்டை ஓடு எங்க வருது?

இன்னொரு விஷயம். மகரந்தம் பூ விரிஞ்ச அன்னைக்கு உருவாகுறது இல்ல. ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்னாடி, மொட்டு கடுகளவு இருக்கும்போதே உள்ள உருவாக ஆரம்பிச்சுடுது. சூட்டுல அது கெட்டுப் போறதும் அப்பவேதான். இன்னைக்கு விரிஞ்ச பூ மேல நீங்க எதை அடிச்சாலும் உள்ள இருக்குற மகரந்தம் போன வாரமே போய்ச் சேர்ந்தாச்சு. வத்தின கிணத்துல வாளியை மாத்தி மாத்தி விட்டுப் பாக்குற கதைதான் இது.

இதோட ஈரப்பதம் வேற. மத்தியானம் கடல் காத்து வந்தா நமக்கு நிம்மதி, தக்காளிக்கு இல்ல. காத்துல ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டினா, பிழைச்சுக் கிடக்குற கொஞ்ச நஞ்ச மகரந்தமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கீழ கொட்டாது. சூல் பிடிக்காத பூவைச் செடி வெச்சுக்காது. பூக்காம்புல நடுவுல ஒரு முட்டி இருக்கும், அங்க மஞ்சளாகி, தொட்டதும் உதிரும். உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்க, ஒடிஞ்ச இடம் அந்த முட்டியாத்தான் இருக்கும். அது நோயும் இல்ல, சத்துக் குறைவும் இல்ல.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூல காரணம் "தக்காளி கோடைப் பயிர்" அப்படின்ற வரி. குளிர் நாட்டுக்காரன் அவன் ஊருக்கு எழுதினது. அவனோட கோடை நம்ம மார்கழி. அதைக் கேட்டுட்டு பிப்ரவரியில விதை போட்டு, ஏப்ரல்ல பூவைப் பாத்துட்டு, மே மாசம் தலையில கை வெச்சுக்கிறோம். பெங்களூர்ல மே மாசம் தக்காளி காய்க்குதேன்னு சொல்லுவாங்க. ஐயா, அது 900 மீட்டர் உயரத்துல இருக்கு. கோயம்பேட்டுக்குத் தக்காளி எங்கேருந்து வருதுன்னு பாருங்க: கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரி. எல்லாம் மேட்டு நிலம். கோலாரும் மதனப்பள்ளியும் 700, 800 மீட்டர்ல இருக்கு. பகல் கொதிச்சாலும் விடியக்காலையில குளிரும். பரம்பரையா தக்காளி போடுறவங்களே மேட்டைத் தேடிப் போறாங்க. நாம கடற்கரையில, அதுவும் நாள் பூரா வெந்த கான்கிரீட் மேல வெச்சுட்டு, காய் எங்கேன்னு செடியைக் கேக்குறோம்.

கான்கிரீட்டைப் பத்தித் தனியா சொல்லணும். பகல் பூரா குடிச்ச சூட்டை அது ராத்திரி பத்து, பதினொரு மணி வரைக்கும் கக்கிக்கிட்டே இருக்கும். வானிலை அறிக்கையில 28 போட்டிருந்தா உங்க செடி பக்கத்துல அதை விடக் கூடத்தான் இருக்கும். அதனாலதான் நிழல் வலை கட்டியும் பூ நிக்கல. வலை பகல் வெயிலைத் தடுக்கும், ராத்திரியைக் குளிர வைக்காது. அதுலயும் 75 சதவீத வெயிலை மறைக்கிற பச்சை வலையை நாள் பூரா மூடி வெச்சா செடி வெளிச்சம் தேடி நெடுநெடுன்னு வளரும், பூவே குறைஞ்சிடும். கட்டுறதா இருந்தா 35 சதவீதம், மிஞ்சிப் போனா 50. பதினொரு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும், மேற்கு வெயிலுக்குக் குறுக்கே கட்டுங்க. செடி வளர்க்குற பையைத் தரையில வைக்காதீங்க, ஸ்டாண்டு இல்லேன்னா ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. தரைக்கு வெள்ளை அடிச்சிருந்தா இன்னும் நல்லது. மண்ணு மேல மூணு விரல் கனத்துக்குக் காஞ்ச இலையோ தேங்காய் மட்டை நாரோ பரப்புங்க. இதெல்லாம் பண்ணினா செடி உயிரோட இருக்கும். கூடை கூடையா காய் வரும்னு நான் சொல்லல.

இப்ப முட்டை ஓட்டுக்கு வருவோம். தப்பித் தவறி நாலு காய் நின்னு, அதோட அடிப்பக்கம் கறுத்து அழுகினா உடனே "கால்சியம் பத்தல"ன்னு தீர்ப்பு. காய்க்குக் கால்சியம் பத்தலேன்றது நிஜம். மண்ணுல இல்லேன்றது பெரும்பாலும் பொய். போர்வெல் தண்ணி ஊத்துற வீட்டுல குழாய் வாயைப் பாருங்க, வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்குமே, அதுல இருக்குறது பெரும்பாலும் கால்சியம்தான். கால்சியம் தண்ணியோடதான் மேல ஏறும். ஒரு நாள் பை சொட்டச் சொட்ட நனைஞ்சு, மறுநாள் காஞ்சு வெடிச்சா அது காய் வரைக்கும் போய்ச் சேராது. காத்துல ஈரம் கூடி இலை வழியா தண்ணி ஆவியாகுறது குறைஞ்சாலும் மேல ஏறுறது தடைப்படும். முட்டை ஓடு கரைய மாசக்கணக்காகும், இந்தப் பருவத்துக்கு அது உதவாது. எப்சம் உப்பு அதை விட மோசம். அதுல இருக்குற மக்னீசியம் வேர்ல கால்சியத்தோட போட்டி போடும், அழுகல் கூடும். தீர்வு சுவாரசியமே இல்லாதது: தினமும் ஒரே அளவு தண்ணி. 15 அங்குலப் பையில வளர்ந்த செடிக்குக் காலையில ரெண்டு, ரெண்டரை லிட்டர். சாயங்காலம் விரலை ரெண்டு அங்குலம் உள்ள விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் இன்னொரு லிட்டர். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலந்த மண்ணு மேல காஞ்ச மாதிரி நடிக்கும், அடியில சேறா இருக்கும். கண்ணை நம்பாம விரலை நம்புங்க. 12 அங்குலப் பைன்னா இந்தப் பேச்சுக்கே இடமில்ல, மே மாசத்துல மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்.

மீன் அமிலம், பஞ்சகவ்யா ரெண்டையும் நான் திட்டல. லிட்டருக்கு 5 மில்லி மீன் அமிலம், 30 மில்லி பஞ்சகவ்யா, அதுக்குரிய நேரத்துல நல்ல வளர்ச்சி குடுக்கும். ஆனா பூ உதிருதுன்னு வாரத்துக்கு ரெண்டு தடவை அதை ஊத்தினா தழைச்சத்துதான் ஏறும். செடி கறும்பச்சையா, குண்டு குண்டா இலை விடும். அதைப் பாத்துட்டு "செடி சூப்பரா இருக்கு, பூ மட்டும்தான் உதிருது"ன்னு மறுபடியும் ஊத்துவாங்க. அந்தக் கொழுந்து இலைக்குத்தான் வெள்ளை ஈ வரும், கூடவே இலைச்சுருட்டு வைரஸ் வரும். இலை கிண்ணம் மாதிரி மேல மடங்கி, கணு நெருங்கி, செடி குட்டையா நின்னுட்டா அதுக்கு வைத்தியம் கிடையாது. வேரோட பிடுங்கி ஒரு கவர்ல போட்டுக் கட்டி வெளியே அனுப்புங்க. "ஒரு வாரம் பாக்கலாம்"னா பக்கத்து நாலு பையும் போயிடும்.

வாடல்ல இன்னொரு கொடுமை. மத்தியானம் ரெண்டு மணிக்குச் செடி தலை தொங்கினதும் ஓடிப் போய்த் தண்ணி ஊத்துறாங்க. சாயங்காலம் தானா நிமிர்ந்தா அது வெயில் வாட்டம், சும்மா விடுங்க. விடியக்காலையிலயும் தொங்கிக்கிட்டே இருந்து, மண்ணும் ஈரமா, இலையும் பச்சையாவே இருந்தா அது பாக்டீரியா வாடல். சந்தேகமா இருந்தா அடித்தண்டுல மூணு அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணியில வெட்டு முனை மட்டும் நனையற மாதிரி பிடிங்க. கொஞ்ச நேரத்துல பால் நூல் மாதிரி கீழ இறங்கினா முடிஞ்சது. ரால்ஸ்டோனியான்னு ஒரு பாக்டீரியா, 30லேருந்து 35 டிகிரி ஈர மண்ணு அதுக்குச் சொர்க்கம். நீங்க ஊத்துற ஒவ்வொரு குடமும் அதுக்கு விருந்து. அந்த மண்ணுல மறுபடி தக்காளி, கத்திரி, மிளகாய் எதையும் வைக்காதீங்க. கோடையில உருப்படியா செய்யக் கூடியது ஒண்ணு உண்டு: மண்ணை நனைச்சு, தெளிவான பாலித்தீன் தாளால இறுக்கி மூடி, ஏப்ரல் மே வெயில்ல ஆறு வாரம் போட்டு வைங்க. நோயை முழுசா ஒழிக்காது, நல்லாவே குறைக்கும்.

இதுக்கு நடுவுல பக்கக் கிளையெல்லாம் கிள்ளி ஒத்தைத் தண்டா வளர்க்கச் சொல்ற ஆளுங்க வேற. வெளிச்சத்துக்கு ஏங்குற ஊர்ல அது சரி. இங்க இலையைக் கழிச்சா காய் மேல நேரா வெயில் விழுந்து, வெள்ளையா காகிதம் மாதிரி வெந்து போகும். குட்டையா படர்ற ரகத்துல பக்கக் கிளையைக் கிள்ளினா காய்க்கிற இடத்தையே கிள்ளிட்டீங்கன்னு அர்த்தம். மண்ணைத் தொடுற இலைகளை மட்டும் எடுங்க, போதும். வேப்பெண்ணெய் அடிக்கிறவங்க லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. காலை பத்து மணிக்கு அடிச்சுட்டு "இலை கருகிடுச்சு, என்ன நோய்?"னு கேக்காதீங்க.

கோடையில ஏதாவது செஞ்சே ஆகணும்னா ஒண்ணு இருக்கு. காலையில எட்டு, ஒன்பது மணிக்குப் பூங்கொத்தோட காம்பைப் பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷால ரெண்டு மூணு நொடி அதிர வைங்க. அது இல்லேன்னா கட்டியிருக்குற குச்சியைச் சுண்டி விடுங்க. பூசணிக்குப் பண்ற மாதிரி பிரஷ்ஷால பூப் பூவா தடவ வேண்டாம், தக்காளிக்குத் தேவை அதிர்வுதான். பெரிய காய் ரகம் கைவிட்டாலும் செர்ரி தக்காளி நாலு பிஞ்சு பிடிக்கும், சின்னக் காய் ரகங்கள் சூட்டை ஓரளவு தாங்கும். பழம் சிவக்காம ஆரஞ்சாவே நின்னா பொட்டாஷ் தேடி ஓடாதீங்க. 30 டிகிரிக்கு மேல சிவப்பு நிறமி சரியா உருவாகாது. நிறம் திரும்ப ஆரம்பிச்சதும் பறிச்சு, வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க.

உருப்படியா காய் வேணும்னா காலண்டரை மாத்துங்க. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னது உள் மாவட்டத்துக்குப் பொருந்தும். சென்னையில ஆவணி ராத்திரியும் 25, 26தான், அப்புறம் காய் வர நேரத்துல மழை பிடிச்சுக்கும். இங்க செப்டம்பர் கடைசியிலேருந்து அக்டோபருக்குள்ள குழித்தட்டுல விதை. மழை மேல விழாத இடம், மேல பூச்சி வலை. 25, 30 நாள்ல பைக்கு மாத்தி, நவம்பர் மழை அடிக்கும்போது பால்கனியிலயோ பாலித்தீன் கூரைக்குக் கீழயோ வெச்சுடுங்க. டிசம்பர் பாதியிலேருந்து பூ வரும்போது ராத்திரி 21, 22க்கு இறங்கியிருக்கும். அந்தப் பூ நிக்கும். ஜனவரி கடைசியிலேருந்து மார்ச் வரைக்கும் பறிக்கலாம். ரகம்னா பெரியகுளத்து பி.கே.எம். 1. போன வருஷம் வாடல் வந்த வீடா இருந்தா பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்கா ரக்‌ஷக். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூணுக்கும் எதிர்ப்பு உள்ளது. ரெண்டு ரகத்தைக் கலந்து உருவாக்கின வீரிய ஒட்டு ரகம், அதுலேருந்து விதை எடுத்து மறுபடி போட்டா அதே குணம் வராது. கோடைக்கு அதே பையில வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, கொடிப்பசலை எதை வேணா போடுங்க, சண்டை போடாம வளரும்.

கடைசியா நாற்றுப் பண்ணைக்காரங்களுக்கு. மார்ச் மாசம் வரிசையா தக்காளி நாற்று அடுக்கி வெச்சு, ரகம் என்னன்னு கேட்டா "நாட்டுத் தக்காளி சார், நல்லா காய்க்கும்"னு சொல்லி வித்துடுறீங்க. அடுத்த மாசம் அதே ஆளு பூ உதிருதுன்னு வந்தா பூ பிடிக்கிற டானிக் ஒரு பாட்டில். தட்டு மேல ரகத்தோட பேரையும் எந்த மாசம் நடலாம்ன்றதையும் ஒரு சீட்டுல எழுதி ஒட்டுறதுக்கு என்ன செலவாகிடும்?